பெல்ட் இடது பக்கமே போனது

தக்காளி வெட்டத் தெரியாத கத்தியை வைத்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை காலம்தான் குடும்பம் நடத்துவாள், ஐயா? நீங்கள் வீடு விழுந்ததைப் பற்றித்தான் கேட்டீர்கள். நான் தக்காளியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்போதுதான் கோர்வையாக வரும். டீ நன்றாக இருந்தது.

எங்கள் வீட்டுக் கத்தி தக்காளியை வெட்டாது, நசுக்கும். தோல்மேல் வழுக்கிக்கொண்டே போகும், பொறுமை இழந்து ஓர் அழுத்து அழுத்தினால் விதையெல்லாம் சட்டைமேல் தெறிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அந்தக் கத்தியைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாள். "ஏங்க, கடைப்பக்கம் போனா ஒரு நல்ல கத்தியா பார்த்து வாங்கிட்டு வாங்க. இதுல வெண்ணெயக்கூட வெட்ட முடியல" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சண்டை ஒன்றும் இல்லை.

என் கையாலேயே அவளுக்கு ஒரு கத்தி செய்து கொடுப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று நான் எதையும் செய்து கொடுத்ததில்லை. அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. நடந்ததெல்லாம் அன்பினால் நடந்தது, அதை முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கத்தி செய்ய இரும்புப் பட்டை வேண்டும், அதைத் தேய்த்துக் கூராக்க பெல்ட் கிரைண்டர் வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு மோட்டார், அதன் அச்சில் ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம், முன்னால் ஒன்று. மூன்றையும் சுற்றி உப்புத்தாளில் செய்த பெல்ட் ஒன்று விர்ரென்று ஓடும். ஓடுகிற பெல்ட்டில் இரும்பைக் காட்டினால் பொறி பறக்கும், விளிம்பு கூராகும். இதையும் கடையில் வாங்கலாம். "கத்தியவே கடையில வாங்கலாமே மாப்பிள்ளை" என்று மச்சான் சொன்னார். அவர் எப்போதுமே அப்படித்தான், ஒரு வேலை ஆரம்பிக்கும்போது வாயை வைக்காமல் இருக்கமாட்டார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடியில், ஒரு கட்டில் நீளத்துக்கு மீன்தொட்டி வைத்துக்கொண்டு அதோடு குடும்பம் நடத்தினார். கீழே நானும் மனைவியும் மாமனாரும். வீடு மாமனாருடையது. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டியது. கொத்தனார் வேலை செய்யும்போது பக்கத்தைவிட்டு நகரமாட்டாராம். நூலில் தொங்கும் பித்தளைத் தூக்குக் குண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசைச் செங்கல்லுக்கும் சுவர் நேராக ஏறுகிறதா என்று பார்ப்பாராம். அந்தக் குண்டு இன்னமும் அவர் தலையணைக்கடியில் இருந்தது. "இந்த வீட்டுல ஒரு நூல் சாயாது மாப்பிள்ளை" என்பார். கல்யாணத்தன்று சொன்னார், அப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை வைத்துக்கொண்டு சொல்வார். தெருவில் என்னை வீட்டோடு மாப்பிள்ளை என்பார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். எடை, அளவு சரிபார்க்கும் அலுவலகத்தில் பரிசோதகர். கடை கடையாகப் போய்த் தராசைப் பார்ப்பேன். உள்ளே நுழைந்ததும் நான் சொல்கிற முதல் வார்த்தை, "ரெண்டு தட்டையும் மாத்திப் போடுங்க." வலது தட்டில் இருப்பதை இடதுக்கும் இடதில் இருப்பதை வலதுக்கும் மாற்றிப் போட்டால் தராசின் பித்தலாட்டம் அதுவாகவே வெளியே வந்துவிடும். என்னை ஏமாற்றியவன் கிடையாது. துல்லியமான பணிக்காக அலுவலகத்தில் எனக்கு ஒரு பரிசுகூடக் கொடுத்தார்கள். வெல்வெட் பெட்டியில் வைத்த ஒரு ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் காற்றுக் குமிழி நிற்குமே, தரை சமமா என்று பார்ப்பது. என் பெயர் பொறித்தது. பெயர் என் பக்கம் பார்த்தபடி இருக்கவேண்டும் என்று எப்போதும் ஒரே மாதிரிதான் வைப்பேன்.

மோட்டாரை, துணி துவைக்கும் மெஷினிலிருந்து எடுத்தேன். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான். ஓடாத மோட்டாரை எடுத்து நான் என்ன செய்வது? மனைவி கையால் துவைக்க ஆரம்பித்தாள், கைக்கு நல்ல பயிற்சி. மேல் சக்கரத்துக்கும் முன் சக்கரத்துக்கும் மாமனாரின் சக்கர நாற்காலியின் முன் சக்கரங்கள் அளவெடுத்ததுபோல் பொருந்தின. அவர் வெளியே போவதே அபூர்வம். நாற்காலி முன்பக்கம் கவிழாமல் இருக்க இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்தேன்.

"ஏன் மாப்பிள்ளை, எனக்குச் சக்கரம் வேணாமா?" என்றார்.

"பேரிங் தேஞ்சிருக்கு மாமா. மாத்தித் தரேன்."

நாற்காலி முன்னைவிட உறுதியாக நின்றது. பெல்ட்டை விறைப்பாக இழுத்துப் பிடிக்க சோபாவிலிருந்து ஒரு ஸ்பிரிங். உப்புத்தாள் சுருளாக வாங்கி, இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, பின்னால் துணி வைத்து நானே ஒட்டி பெல்ட் ஆக்கினேன். பெல்ட்டைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. வாசல் பக்கத்து இடது அறையில் இயந்திரத்தை நிறுத்தி, மனைவியைக் கூப்பிட்டு, அவள் கையாலேயே ஸ்விட்சைப் போடச் சொன்னேன்.

பெல்ட் ஓடியது. அவள் கைதட்டினாள். அவள் கைதட்டி முடிப்பதற்குள் பெல்ட் மெல்ல மெல்ல இடது பக்கமாக நகர்ந்து, சக்கரத்தைவிட்டுக் கழன்று, சுவரில் போய் சடாரென்று அடித்தது.

இது எல்லோருக்கும் நடக்கும். அதற்கென்றே மேல் சக்கரத்தில் ஒரு திருகு இருக்கும், அதைத் திருகினால் சக்கரம் சாய்ந்து பெல்ட்டை நடுவுக்குக் கொண்டுவரும். திருகினேன். வந்தது. எட்டி நின்று பார்த்துச் சந்தோஷப்படுகிற நேரத்தில் மறுபடி இடது பக்கம். திருகு முழுக்க உள்ளே போனபிறகும் இடது பக்கம். சக்கரங்களைக் கழற்றி மாட்டினேன். மோட்டாரை நிமிர்த்தினேன். விட்டேனா பார் என்று நானும், போனேனா பார் என்று அதுவும்.

சத்தம் கேட்டு மச்சான் மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்தார். முழுதாக இறங்கி வரமாட்டார். கையில் மீன் தீனி டப்பா.

"பெல்ட்டைக் கழட்டி வலம் இடமா மாத்திப் போட்டுப் பாருங்க மாப்பிள்ளை. அப்பவும் இடது பக்கமே போச்சுன்னா மெஷின்ல கோளாறு. வலது பக்கம் போச்சுன்னா நீங்க ஒட்டினதுல கோளாறு."

"மெஷின்ல கோளாறு இல்ல மச்சான். ஒட்டினதுலயும் இல்ல."

"ஊர்ல இருக்கிற கடைக்காரன் பூராத்தையும் தட்டை மாத்திப் போடு, தட்டை மாத்திப் போடுன்னு உயிரை வாங்குறீங்கல்ல? அதே மாதிரிதான்."

தராசு வேறு, பெல்ட் வேறு என்று அமைதியாகச் சொன்னேன். மீனுக்குத் தீனி போடுகிற மனிதர், பாதிப் படியில் நின்றுகொண்டு, பரிசு வாங்கிய எனக்குப் பாடம் நடத்துகிறார். எனக்கு எரிச்சல் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் பெல்ட்டை மாற்றிப் போடவில்லை என்று நினைக்காதீர்கள். அவசியம் இல்லாததால் மாற்றிப் போடவில்லை.

அன்று மாலை வெல்வெட் பெட்டியைத் திறந்து ரசமட்டத்தைத் தரையில் வைத்தேன். குமிழி வலது பக்கம் ஒதுங்கி நின்றது. குமிழி மேட்டுப்பக்கம்தான் போகும். அப்படியென்றால் தரை இடது பக்கம் இறங்கியிருக்கிறது. வேறு அறையில் வைத்தேன். அங்கேயும் அப்படித்தான். சமையலறையில், வாசற்படியில், மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில், எங்கே வைத்தாலும் குமிழி வலது பக்கம். இயந்திரத்தில் குற்றமே இல்லை. வீடு மொத்தமும் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, பெல்ட் சரிவில் இறங்கிப் போகிறது. எனக்கு மனசு லேசாகிவிட்டது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். மாமனார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். தூக்குக் குண்டை எடுத்து வரச்சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுவரோரம் தொங்கவிட்டார். நூல் சுவரை ஒட்டினாற்போல் நேராக நின்றது. "பார்த்துக்குங்க மாப்பிள்ளை" என்றார்.

"நூல் பழசு மாமா" என்றேன்.

வீட்டை எது சாய்க்கிறது என்று பார்த்தபோது, இடது அறைக்கு நேர் மேலே மச்சானின் மீன்தொட்டி. தண்ணீரின் கனம் என்னைப்போன்றவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தொட்டியை வலது பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். மீன்களுக்கு இடம் மாறினால் ஒத்துக்கொள்ளாதாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். வக்கீல், பெரியத்தை, ஹெட்மாஸ்டர். வக்கீல் ரொம்பப் பயந்த சுபாவமாம்.

நான் மருத்துவ விடுப்பில் இருந்தேன், கண்வலி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மச்சானும் மனைவியும் வேலைக்குப் போனபிறகு ஒரு குழாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை இறக்கினேன். அவர் சாயங்காலம் வந்து, வெயிலில் ஆவியாகிறது என்று சொல்லி நிரப்பிவிடுவார். இது ஆகாது என்று தெரிந்ததும் மொத்தமாகக் காலி செய்தேன். மீன்களைக் கொல்லவில்லை, அதற்கு என் மனசு இடம் கொடுக்கவில்லை. மொட்டை மாடியில் வலது ஓரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். இடது பக்கம் கனம் குறைந்தது, வலது பக்கம் மீன் அளவுக்குக் கூடியது. ஒரே வேலையில் இரண்டு லாபம்.

மச்சான் காலித் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பார்க்கக் கஷ்டமாக இருந்ததால் கீழே வந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் காலையில் மனைவி குளியலறைக் குழாயைத் திறந்தபோது வாளிக்குள் வக்கீல் இறங்கினார், உயிரோடு. மச்சான் அதைக் கண்ணாடி டம்ளரில் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்.

"இது எப்படி மாப்பிள்ளை மேல் டாங்குக்குப் போச்சு?"

"தண்ணி இருக்கிற இடத்தைத் தேடித்தான் மீன் போகும் மச்சான்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

பெல்ட் இடது பக்கமே போனது.

இரும்பு பீரோவை வலது அறைக்கு மாற்றினேன். கட்டில்கள், பாத்திர அலமாரி, சோபா, எல்லாம் வலது பக்கம். தரையில் சாக்குக் கட்டியால் நடுவே ஒரு கோடு போட்டு, மோட்டார் ஓடும்போது யாரும் கோட்டுக்கு இடது பக்கம் வரக்கூடாது என்றேன். என் மனைவி நல்லவள், எதிர்த்துப் பேசமாட்டாள். அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்துச் சமைத்தாள். "ஏங்க, எனக்குக் கத்தியே வேணாங்க" என்று ஒரு தடவை சொன்னாள். என்னைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்றுதான் அவள் அப்படிச் சொன்னாள். எப்படியும் முடித்துக் கொடுத்துவிடுவது என்று அன்றுதான் முடிவு உறுதியானது.

மாமனாரையும் மாடிக்கு, வலது ஓரத்து அறைக்கு, கொண்டுபோனோம். மேலே காற்று வரும் என்றேன். மச்சானே நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார், என்மேல் இருந்த வருத்தத்தைக்கூட மறந்து, "அப்பாவை நல்லா பார்த்துக்கிறீங்க மாப்பிள்ளை" என்றார். செங்கல்லையும் மறக்காமல் கொண்டுபோனேன்.

குமிழி மயிரிழைகூட நகரவில்லை. கனத்தை மாற்றி வைப்பதெல்லாம் மேல்பூச்சு வேலை என்று அப்போது புரிந்தது. இறங்கிய பக்கத்தைத் தூக்க வேண்டும். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள், நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், நிறையப் பேர் சேர்ந்து செய்வார்கள். எனக்குக் கூட்டம் பிடிக்காது.

லாரி பட்டறையில் எனக்குக் கடமைப்பட்ட ஒருவர் இருந்தார், அவரிடம் ஜாக்கிகள் வாங்கிவந்தேன். இடது சுவருக்கு உள்பக்கமாக, இயந்திரத்துக்குப் பின்னால், அஸ்திவாரத்துக்குக் கீழே போகும்வரை தோண்டினேன். தோண்டிய மண்ணை வெளியே கொட்டினால் பார்க்கிறவர்கள் கேள்வி கேட்பார்கள். சாக்கில் கட்டி மாடியில் வலது ஓரத்தில், மாமனார் அறைக்கு வெளியே வரிசையாக அடுக்கினேன். கனத்துக்குக் கனமும் ஆயிற்று. மனைவி கேட்டபோது மாடித் தோட்டம் போடப்போகிறேன் என்றேன்.

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மறுநாளே தக்காளி நாற்று வாங்கி வந்து, சாக்குகளின் வாயைத் திறந்து நட்டுவிட்டாள். அஸ்திவாரத்து மண் நல்ல மண், செடிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன. காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் பூ விட்டிருக்கிறதா, பிஞ்சு விட்டிருக்கிறதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். கல்யாணமானதிலிருந்து அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. நானும் சந்தோஷமாகத் தோண்டினேன்.

அவளும் மச்சானும் வேலைக்குப் போனபிறகு ஜாக்கியைக் கொஞ்சம் சுற்றுவேன். ரொம்பக் கொஞ்சம். சுவர் ஒரு முனகல் முனகும், அத்தோடு நிறுத்திக்கொள்வேன். குமிழி நடுவை நோக்கி நகர ஆரம்பித்தது. அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? கதவுகள் கொஞ்சம் பிடித்தன, இழைத்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடி ஒன்று தானாகவே உடைந்தது. விரிசல் விட்ட இடத்திலெல்லாம் பட்டி பார்த்து, மேலே காலண்டர் மாட்டினேன். எங்கள் வீட்டில் காலண்டருக்குக் குறைச்சலே இல்லை என்று மச்சான் கிண்டல் செய்தார்.

மாமனார் விஷயம்தான் கொஞ்சம் சங்கடம். மாடியில் பொழுது போகாமல் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். நூலுக்கும் சுவருக்கும் நடுவில் விரலை நுழைத்துக் காட்டினார்.

"மாப்பிள்ளை, வீடு வலது பக்கம் சாயற மாதிரி இருக்கே."

"உங்க கண்ணை ஒரு தடவை காட்டணும் மாமா" என்றேன்.

காட்டவும் செய்தேன். விடுப்பில் இருந்தும் அலைந்து திரிந்து கண் டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தேன். டாக்டர் கண்ணில் குறையில்லை என்றார். இருந்தாலும் இருக்கட்டும் என்று புதுக் கண்ணாடி ஒன்று போட்டுவிட்டோம். கண்ணாடி போட்டதும் அவருக்கு விரிசல்களும் தெரிய ஆரம்பித்தன, பாவம். "நான் நேராத்தானே கட்டினேன்?" என்று மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் பயந்துபோய் என்னிடம் வந்து, அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறதா என்று கேட்டாள். வயசானால் அப்படித்தான் என்றேன். அப்புறம் அவர் குண்டைத் தொங்கவிடுவதை நிறுத்திவிட்டார். கைக்குள் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்கும்போது எனக்கும் மனசு கேட்கவில்லை. பெல்ட் ஓட ஆரம்பித்ததும் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து ஸ்விட்சைப் போட்டேன்.

பெல்ட் இடது பக்கம் போனது.

வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே மனசு விட்டுப் போயிருக்கும். நான் உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை காலம் சாய்ந்த தரையில் ஓடிப் பழகிய பெல்ட். வீடு நேரானது அதற்கு எப்படி உடனே தெரியும்? அதன் பழக்கத்தை மாற்ற, வீட்டைக் கொஞ்ச நாளைக்கு வலது பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். பெல்ட் பழகியதும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். இதைவிட நியாயமான யோசனை எனக்குத் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

அன்று மனைவியும் மச்சானும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமனார் மேலே இருந்தார். இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும், ஐயா. ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னால் மாடிக்குப் போய், செடிகளுக்கு நடுவில் இருந்த அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்ததே நான்தான்.

"ஏன் மாப்பிள்ளை, இவ்வளவு ஓரமா?"

"காத்து வரும் மாமா."

கீழே வந்து சுற்றினேன். வழக்கமான முனகல் வந்தது. வழக்கமாக அத்தோடு நிறுத்துவேன், அன்று நிறுத்தவில்லை. மேலே எங்கேயோ பாத்திரங்கள் வரிசையாக விழுகிற சத்தம். காலண்டர்களெல்லாம் சுவரைவிட்டு விலகி அந்தரத்தில் தொங்கின. அப்போது மாடியிலிருந்து மாமனார் குரல் கேட்டது. பதற்றமே இல்லை, தபால் அலுவலகத்து ஆள்.

"மாப்பிள்ளை, வீடு சாயுது."

"எந்தப் பக்கம் மாமா?" என்றேன்.

"வலது பக்கம்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அவரும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். வலது பாதி, பீரோ, கட்டில்கள், அலமாரி, தண்ணீர்த் தொட்டி, பெரியத்தை, ஹெட்மாஸ்டர் எல்லாவற்றோடும் மெதுவாகச் சரிந்து பக்கத்துக் காலி மனையில் இறங்கியது. தடாலென்று விழவில்லை. மண்சாக்குகள் முதலில் விழுந்து மெத்தைபோல் விரிந்துகொள்ள, அவற்றின்மேல் மாடித் தரை ஒரே துண்டாக வந்து உட்கார்ந்தது. அதன்மேல் நாற்காலியில் மாமனார், தக்காளிச் செடிகளுக்கு நடுவில். மூக்குக் கண்ணாடிகூட நழுவவில்லை. அந்த நாற்காலியில் முன் சக்கரங்கள் இருந்திருந்தால் அந்தச் சரிவில் உருண்டு எங்கே போய் விழுந்திருப்பாரோ. இதை யாரும் என் பக்கம் எடுத்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். நீங்கள் ஏன் ஓடவில்லை என்று கேட்டீர்கள். விழுந்த வீட்டுக்கு மின்சாரத்தை உடனே நிறுத்திவிடுவார்கள், எனக்கு அது தெரியும். இடது அறை அப்படியே நின்றது, இயந்திரமும் நின்றது. இந்தச் சாய்வில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். போட்டேன். மின்சாரம் இருந்தது. பெல்ட்டும் ஓடியது. எந்தப் பக்கம் போனது என்று நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

மாமனாருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் பேசுவதில்லையாம். மச்சானின் சிநேகிதர் வீட்டில் ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாராம். மகள் எது கேட்டாலும், அந்தக் குண்டைத் தொங்கவிட்டு, அது நேராக நிற்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். மனைவி நேற்று என்னைப் பார்க்க வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். "அப்பா கட்டின வீடுங்க" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். நான் கத்தியைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டாள்.

கத்தி என்றதும் ஞாபகம் வருகிறது. இடிபாட்டில் கிடைத்தது என்று நீங்கள் இந்த மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, கறுப்புப் பிடி போட்டது, அது கடையில் வாங்கியது. அவள் அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாளாம். நான் இயந்திரம் செய்யத் தொடங்கிய வாரமே வாங்கிவிட்டாளாம். எனக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும் என்று, நான் அந்தப் பக்கம் இல்லாதபோது மட்டும் எடுத்து வெட்டுவாளாம். தக்காளித் துண்டுகள் மெல்லிசாக இருப்பதை நானும் கவனித்திருக்கிறேன். அவளுக்கு நிதானம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் வாக்குமூலத்தில் இந்த இடத்தைப் படிக்கும்போது நீங்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினீர்கள். எனக்கு அது தேவையில்லை, ஐயா. கடைக் கத்தி எத்தனை நாளைக்கு வரும்?

பெல்ட்டையும் கொண்டுவந்திருக்கிறீர்கள். உங்கள் ஏட்டு அதை மேசைமேல் விரித்து, ஓர் ஓரம் விறைப்பாகவும் மறு ஓரம் தொளதொளவென்றும் இருப்பதைக் காட்டினார். ஒட்டும்போது கோணலாக ஒட்டியிருக்கிறது என்றார். அவருக்கு இதில் அனுபவம் போதாது. அப்புறம் நீங்கள் என் ரசமட்டத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். குமிழி வலது பக்கம் நின்றது. அதைத் தூக்கி, என் பெயர் உங்கள் பக்கம் வரும்படி திருப்பி, அதே இடத்தில் வைத்தீர்கள். அப்போது குமிழி இடது பக்கம் வந்து நின்றது. நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். திருப்பி வைக்கும்போது மேசைமேல் முழங்கையை ஊன்றினீர்கள், நீங்கள் கவனிக்கவில்லை. உங்களுக்குக் கொஞ்சம் பாரமான உடம்பு.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். தோண்டியது நான். ஜாக்கி வைத்தது நான். மீன்களை இடம் மாற்றியது, சக்கரங்களைக் கழற்றியது, கண் சரியாக இருந்தவரைக் கண் சரியில்லை என்று நம்பவைத்தது, அவர் மேலே இருக்கிறார் என்று தெரிந்தே சுற்றியது, எல்லாம் நான்தான். யாரும் எனக்கு உதவி செய்யவில்லை, யாரும் என்னைத் தூண்டவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் பாருங்கள், நீங்கள் கொடுத்த பேனா மேசைமேல் நிற்க மாட்டேன் என்கிறது. வைத்தால் இடது பக்கமே உருண்டு போகிறது. நான் வந்த நாளிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன், மரியாதைக்காகச் சொல்லவில்லை. உங்கள் தலைக்கு நேர் மேலே, மாடியில், என்ன வைத்திருக்கிறீர்கள், ஐயா?